நான் சேர்த்த ஒரு வரி

நம் கூட்டத்துக்கு வரும் கதைகளை வாங்கிச் சரிபார்க்கும் வேலையை இந்த மாதத்திலிருந்து நீங்கள் மூன்று பேரும் பார்க்கப் போகிறீர்கள். கதைகள் இப்போது போனிலேயே வந்துவிடுகின்றன. பெயரை எடுத்துவிட்டு எல்லாருக்கும் அனுப்பினால் வேலை முடிந்தது. அதனால் உங்களிடம் ஒப்படைக்க என்னிடம் நோட்டும் இல்லை, சாவியும் இல்லை. ஆனாலும், போவதற்கு முன் நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டீர்கள். பேசச் சொல்லாமல் எழுதச் சொன்னதற்கு நன்றி. பேசச் சொல்லியிருந்தால் அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும்.

நான் பத்தாவது வரை படித்தவள். காரைக்குடியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. கதை எழுத வேண்டும் என்று நான் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. பிறர் கையெழுத்தைப் படித்துக் கொடுக்க வந்தேன்.

கூட்டத்தை நடத்திய சார் தேவகோட்டையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதா மாதம் ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்க எங்கள் கடைக்கு வருவார். டாக்டர்கள் கிறுக்கித் தரும் சீட்டை நான் ஒரே பார்வையில் படித்து மாத்திரையை எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒருநாள் மருந்துச் சீட்டுக்குப் பதிலாக நாலைந்து தாள்களை நீட்டினார். யாரோ எழுதிய கதை. எழுத்தெல்லாம் கோழி சீய்த்த மாதிரி இருந்தது. "நாங்க ஆறு பேரு உக்காந்து பாத்தோம். ஒரு பக்கந் தாண்ட முடியல. இதையும் படிச்சுக் குடும்மா பாப்போம்" என்றார். நான் நிற்காமல் படித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டத்துக்கு வரச் சொல்லிவிட்டார்.

அப்போதெல்லாம் நம் கூட்டம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு அறையில் நடந்தது. பெஞ்சுகள் எல்லாம் பிள்ளைகளுக்குச் செய்தவை. பெரிய ஆட்கள் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். கரும்பலகையில் வெள்ளிக்கிழமை எழுதிய வாய்ப்பாடு அழியாமல் இருக்கும். மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்த வாய்ப்பாட்டுக்குக் கீழே ஒருவர் நின்று கதை வாசிப்பார். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சுண்ணாம்புக் கட்டி வாசனையும் தூக்குவாளித் தேநீர் வாசனையும் சேர்ந்து வருகிறது.

வாசிப்பவர் கதை எழுதியவர் அல்ல. எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பது சார் வைத்த விதி. பெயர் தெரிந்தால் கதையை விட்டுவிட்டு ஆளைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்பார். எழுதியவரும் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து தன் கதைக்கு விழும் அடியையும் பாராட்டையும் கேட்டுக்கொண்டிருப்பார். எல்லாம் முடிந்த பிறகு விருப்பம் இருந்தால் எழுந்து நிற்கலாம். நிற்காமலும் போகலாம்.

ஆனால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். எங்களோடு ஒரு பேருந்து நடத்துநர் இருந்தார். அவர் எழுத்துகள் எல்லாம் ஓடுகிற வண்டியில் நிற்கிற ஆள்போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதனால் எல்லாக் கதைகளையும் ஒரே கையெழுத்தில் படி எடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான். மாதக் கடைசிக்குள் கதையை உறையில் போட்டு மருந்துக் கடையில் கொடுத்துவிடுவார்கள். மதியம் கடையில் ஆள் வராத நேரத்தில் கோடு போட்ட தாளில் எழுதி முடிப்பேன்.

யார் எழுதியது என்று எனக்கு மட்டும் தெரியும் என்பதால் படி எடுப்பவர் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது என்றும் ஒரு விதி. எனக்காகவே போட்ட விதிபோல இருந்தது. எட்டு வருடம் அந்த விதிக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் படும் பாட்டைப் பார்ப்பது நல்ல வேடிக்கையாக இருக்கும். ஒருமுறை நடத்துநரின் கதை வாசித்து முடித்த கையோடு, வேறு யாரும் பேசும் முன், அவரே எழுந்து இது அருமையான கதை என்று ஆரம்பித்துவிட்டார். கூட்டத்துக்குத் தவறாமல் வரும் ஆச்சி ஒருவர் உண்டு. எழுத மாட்டார், கேட்க மட்டும் வருவார். அவர் வாய்க்கு சாரே கொஞ்சம் பயப்படுவார். ஆச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல், "டிக்கெட் குடுக்கிறவரே மொத ஆளா ஏறி சீட்டப் புடிச்சிட்டாரே" என்றார். நடத்துநர் அப்படியே உட்கார்ந்தார். அறை சிரித்து அடங்க வெகு நேரம் ஆனது.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

அது ஒரே நாளில் வரவில்லை. முதலில் விட்டுப்போன ஒரு புள்ளியை வைத்தேன். பிறகு ஒரே வாக்கியத்தில் மூன்று தடவை வந்த 'ஆனால்' ஒன்றைக் குறைத்தேன். ஒருவர் கதையில் மாமன் பெயர் இரண்டாம் பக்கத்தில் மாறியிருந்தது, அதைச் சரிசெய்தேன். யாரும் கோபப்படவில்லை. ஒன்றிரண்டு பேர், உங்கள் கையில் எழுதினால் என் கதையே தெளிந்துவிடுகிறது என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. வாய் திறக்காதவளுக்கு அது ஒரு வகைப் பேச்சாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரான கல்லலில் இருந்து ஒருவர் வர ஆரம்பித்தார். தச்சு வேலை செய்பவர், ஐம்பது வயது இருக்கும். ஐந்தாறு மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். பிறகு ஒருநாள் கடையில் ஒரு கதையைக் கொடுத்தார். பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், மரத்தில் கோடு போடும் பென்சிலால் எழுதியிருந்தார். அந்த வருடம் கூட்டத்தின் சார்பில் போடவிருந்த கதைத் தொகுப்புக்கு இது தேறுமா என்று பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கதை இதுதான். அண்ணன் தம்பி இருவரும் தச்சர்கள். ஒரே பட்டறை. ஒரு மனத்தாங்கலில் நடுவே சுவர் எழுப்பிவிடுகிறார்கள். பதினோரு வருடம் பேச்சு கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் வேலை செய்யும் சத்தம் தம்பிக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மாதமாக அந்தச் சத்தம் மெலிந்துகொண்டு வருகிறது. ஒருநாள் காலையில், அடித்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. தம்பி இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறான். சத்தம் வரவில்லை. "அவன் இழைப்புளியை எடுத்து விட்ட இடத்திலிருந்து இழைக்கத் தொடங்கினான்." அவ்வளவுதான், கதை முடிந்தது.

அதை நான் எழுதி முடித்தபோது தாளின் அடியில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. கடையில் ஆள் இல்லை. ஒரு கதை இப்படி முடியலாமா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் அதே கையோட்டத்தில் எழுதிவிட்டேன்: "பிறகு எழுந்து சுவரோரம் போய், 'அண்ணே' என்று ஒரு தடவை கூப்பிட்டான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நடத்துநர்தான் வாசித்தார். அவருக்கு நல்ல குரல். கடைசி வரியில் 'அண்ணே' என்று அவர் குரலை இறக்கிச் சொன்னதும் ஒரு பெஞ்சுகூட அசையவில்லை. ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அதன் பிறகு பேசியவர்கள் எல்லாரும் அந்த ஒரு வரியைத்தான் பேசினார்கள். கதை முழுக்க அந்த வரிக்காகத்தான் காத்திருந்தது என்றார் ஒருவர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாசித்தவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொகுப்புக்கு எடுக்கலாமா என்று சார் கேட்டபோது எல்லாக் கையும் மேலே போனது. எழுதியவர் எழுந்து நிற்கலாம் என்றார். யாரும் எழவில்லை. கல்லல்காரர் தேநீர் குடிக்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுத்த மாதம் அவர் வரவில்லை.

தொகுப்பு அச்சுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியது. அச்சகத்துக்குத் தர வேண்டிய படியையும் நான்தான் எழுத வேண்டும். அந்த வரியை எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் மற்ற கதைகளை எல்லாம் எழுதி முடித்து அதை மட்டும் கடைசியாக வைத்திருந்தேன். சார் மாத்திரை வாங்க வந்தபோது சொல்லிவிட்டேன். அவர் கல்லாப் பக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தப்புத்தாம்மா. ஆனா நல்ல வரி. அத எடுத்துட்டா கதை எந்திரிச்சு நிக்குமான்னு தெரியல. அவருட்ட ஒரு வார்த்தை கேட்டு, சரின்னா அப்படியே வச்சுக்குவோம். அவருக்கும் நல்ல பேருதான."

எனக்கு அது வசதியாக இருந்தது. இன்னொரு வழியும் தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் அச்சுப் படியில் அந்த வரியை விட்டுவிடலாம். புத்தகம் வந்த பிறகு யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? இந்த இரண்டில் எதைச் செய்தாலும் நான் தலை குனிய வேண்டியதில்லை. நான்கு நாள் இப்படியே யோசித்துக் காலம் கடத்தினேன். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை மாறிப் போய்விட்டது என்று தெரிந்தால் வாங்கிக்கொண்டு போனவர் பின்னாலேயே ஓடுவோம். இதற்கு மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு மதியம் தோன்றியது. மறுநாள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கல்லலுக்குப் பேருந்து ஏறினேன்.

பட்டறையை விசாரித்துப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரே ஓட்டுக் கூரை. நடுவே பூசாத செங்கல் சுவர். இந்தப் பக்கம் அவர் ஒரு ஜன்னல் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கதவு பூட்டியிருந்தது. அதுவரை நான் அதைக் கதை என்றே நினைத்திருந்தேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு முக்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. பையிலிருந்து அவருடைய காலண்டர் தாள்களை எடுத்து நீட்டினேன். அந்த வரியை நான்தான் சேர்த்தேன் அண்ணே என்று சொன்னேன்.

"ஒங்க கைதானே, தெரியும்" என்றார். "மொதல்ல, சங்கதி தெரிஞ்ச யாரோ கேலிக்குச் சேக்கச் சொல்லிட்டாகன்னு நெனச்சேன். நீங்க அப்படி ஆளு இல்லையேன்னும் இருந்துச்சு."

கேலி இல்லை, கூப்பிட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது, அதனால் எழுதிவிட்டேன் என்றேன்.

அவர் அந்தச் சுவரைப் பார்த்தார். "நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா நான் கூப்பிடல தங்கச்சி. கூப்பிட்டிருந்தா இந்தக் கதைய எழுதியிருக்க மாட்டேன்."

சத்தம் நின்ற அன்றைக்கு விழுந்த அவர் அண்ணன் அதற்குப் பிறகு எழுந்து வேலைக்கு வரவில்லை. இருபது நாள் அந்தப் பக்கத்து அறையில் படுத்திருந்து இறந்துபோனார். அந்த இருபது நாளும் இவர் போய்ப் பார்க்கவில்லை. இதையெல்லாம் வேலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகுதான் அவர் பயம் என்ன என்று தெரிந்தது.

"புத்தகம் வந்தா அண்ணன் வீட்டு மதினி படிப்பாக. எட்டாவது படிச்சவக. அன்னைக்கு இந்தச் சொவத்துக்கு அங்குட்டு அவகதான் நின்டுக்கிட்டு இருந்தாக. நான் கூப்பிட்டேனா இல்லையான்னு ஒலகத்துல அவக ஒருத்தருக்குத் தெரியும். செத்ததுக்கப்புறம் கூப்பிட்டதா எழுதி நல்லவனாகப் பாக்குறான்னு நெனைக்க மாட்டாகளா?"

எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுத்தாப் பத்தாது. அங்க இருந்தவக எல்லாம் அந்த வரிக்குத்தான் கை தூக்குனாக. ஒரு கதையக் காட்டி ஓட்டு வாங்கிட்டு வேற கதையவா அச்சுல போடுவீக? அவகட்ட சொல்லுங்க. அதுக்கப்புறமும் வேணும்னா போடட்டும். வேணாம்னா குடுத்துருங்க, நான் வச்சுக்கிறேன்."

இரண்டாம் ஞாயிறு வந்தது. அவரும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சாரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவர் என் பக்கம் தலையசைத்ததும் எழுந்தேன். பெஞ்சில் முழங்கால் இடித்தது. எட்டு வருடத்தில் அந்த அறையில் நான் பேசியது அன்றுதான். போன தடவை நீங்கள் எல்லாரும் பாராட்டிய வரி எழுதியவருடையது இல்லை, நான் சேர்த்தது, அவரைக் கேட்கவில்லை என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. இதுவரை கொடுத்த கதைகளில் எல்லாம் என்னென்ன சேர்த்தாய் என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். புள்ளி, பெயர், 'ஆனால்' எல்லாவற்றையும் சொன்னேன். முகங்கள் மாறியதைப் பார்த்தேன். ஒருவர், இனி என் கதையைத் தர யோசிக்க வேண்டும் என்றார்.

அவர் எழுதியது எழுதியபடி நீயே வாசிம்மா என்று சார் சொன்னார். வாசித்தேன். எனக்கு நடத்துநர் குரல் கிடையாது. இழைக்கத் தொடங்கினான் என்பதோடு நிறுத்தினேன். யாரும் அழவில்லை. பிறகு நடத்துநர், "அந்த வரி இருந்தாத்தான் மனசு ஆறுது" என்றார்.

"ஒமக்கு மனசு ஆறுறதுக்கா அவுக எழுதியிருக்காக?" என்றார் ஆச்சி. "போன தடவ அழுதுட்டு வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்பிட்டேன். இன்னைக்குச் சோறு எறங்காது."

கைகள் போன தடவை அளவுக்கு உயரவில்லை. ஆனாலும் பாதிக்கு மேல் உயர்ந்தன. அப்போதுதான் கல்லல்காரர் எழுந்து நின்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

படி எடுக்கும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அன்றே சாரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லும் முன் ஆச்சி, "விட்டுட்டு? இவுக எழுத்த வேற யாரு படிப்பா, டாக்டரா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இனி எதுவும் சேக்கணும்னு தோணுச்சுன்னா ஒனக்குன்னு ஒரு கதை எழுதி அதுல சேத்துக்க. அடுத்த மாசம் கொண்டுட்டு வா" என்றார். நான் எழுத ஆரம்பித்தது அப்படித்தான். ஆச்சிக்குப் பயந்து.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது, திருத்தாதீர்கள் என்பது அல்ல. இப்போது போனில் ஒரு விரல் தட்டினால் வரி வந்துவிடுகிறது, போய்விடுகிறது. என்னைவிட உங்களுக்கு அது சுலபம். அந்த வரி மோசமான வரியாக இருந்திருந்தால் சாரே பார்த்து எடுத்திருப்பார். நல்ல வரியாக இருந்ததுதான் ஆபத்து. உங்களுக்கும் நல்ல வரிகள் தோன்றும். தோன்றும்போது எழுதியவருக்கு ஒரு போன் போடுங்கள். அவர் அந்த இடத்தை ஏன் வெறுமையாக விட்டார் என்று அவருக்குத்தான் தெரியும். தப்பு நடந்துவிட்டால், எத்தனை பேர் முன்னால் நடந்ததோ அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள். உயிர் போகிற மாதிரி இருக்கும். போகாது.

புத்தகம் வந்து மூன்று மாதம் இருக்கும். ஒருநாள் முற்பகல் கல்லல்காரர் கடைக்கு வந்தார். மருந்து எதுவும் வாங்கவில்லை. கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றார். பிறகு அருகில் வந்து, மதினி படித்துவிட்டார்கள் என்றார்.

புத்தகத்தை மதினி வீட்டு வாசல் படியில் வைத்துவிட்டு வந்திருக்கிறார், கையில் கொடுக்கத் துணிவில்லாமல். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் மதினியே பட்டறைக்கு வந்து, இந்தப் பக்கம், சுவரோரமாக நின்றிருக்கிறார். சுவர் எழுப்பிய பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

"கூப்பிடாததக் கூப்பிடலைன்னே எழுதியிருக்கீகன்னாக" என்றார். "அப்புறம் சொன்னாக, படுத்த படுக்கையா இருந்த நாளெல்லாம் அந்த ரூம்புக் கதவச் சாத்த விடலையாம் எங்க அண்ணன். தம்பி வேலை பாக்குற சத்தம் கேக்கட்டும்னாராம். நான் இழைக்கிறத நிப்பாட்டுனா, ஏன் நிப்பாட்டிட்டான், போய்ப் பாருன்னு மதினிய வெரட்டுவாராம். அவக சொவரு வரைக்கும் வந்து நின்டு கேட்டுட்டுத் திரும்பிப் போவாகளாம்."